ஸ்டார்ட்டர் மின்வழியும் உருகு கம்பியும்

சாவியைத் திருப்பியும் இஞ்சின் சுழலாதிருக்குமாயின், மோட்டார் வண்டிக்குரியவர் முதலிற் குற்றஞ்சாட்டுவது பாட்டரியையே. புதிய பாட்டரி வாங்கியும் பயனில்லையாயின், அடுத்த பழி ஸ்டார்ட்டரின்மேல் விழும். அதனையும் மாற்றிய பின்னர் வண்டி இரண்டு நாள் ஓடி, மூன்றாம் நாள் மறுபடியும் முற்றத்திலே மௌனமாய் நிற்கும். இவ்வாறு ஒரு பாட்டரிக்கும் இரண்டு ஸ்டார்ட்டருக்கும் பொருள் செலவிட்ட குடியானவர் ஒருவரை, யான் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹையோ மாகாணத்தில் தங்கியிருந்தபோது கண்டேன். அவருடையது 1984-ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற ஃபோர்டு எஃப்-150 என்னும் பிக்கப் வண்டி. ஆறு சிலிண்டருடன் 4.9 லிட்டர் கொள்ளளவுள்ள இஞ்சின். கியர் தானே மாறும் அமைப்பு. வெட்டி உலர்த்திய புல் கழனியிலே கட்டுக் கட்டாய்க் கிடந்தது. மேற்றிசையிலோ மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ஸ்டார்ட்டர் வாங்கப் புறப்பட்டவரை ஒரு மணி நேரம் பொறுக்கும்படி வேண்டினேன். அந்த ஒரு மணி நேரத்திற் கண்டவற்றையும், அவற்றைக் காணும் முறையையும், பௌதிகம் பயிலும் நம் மாணாக்கருக்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

ஸ்டார்ட்டரின் வரலாற்றைச் சிறிது கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை; அது பிறந்ததும் அதே ஓஹையோ மாகாணத்திற்றான். முற்காலத்து மோட்டார் வண்டிகளை, முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியொன்றைச் செருகி, கையாற் சுழற்றியே கிளப்புவர். இஞ்சின் எதிர்த்து உதைக்குமாயின் அக்கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று, பிடித்தவன் மணிக்கட்டை முறித்துவிடும். டேட்டன் நகரத்திற் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங் (1876–1958) என்பார் 1911-ஆம் ஆண்டில் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் அது பொருத்தப்பெற்றது. கெட்டரிங் அதற்கு முன்னர் நாஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியிலே, கடைகளில் வைக்கும் பணப்பெட்டி யந்திரத்திற்கு மின்மோட்டார் அமைத்தவர். சில கணமே உழைத்துப் பின் ஓய்ந்திருக்கும் மோட்டாரை அதன் அளவுக்கு மிஞ்சி வருத்தினாலும் அது வெந்து போகாது என்பது அவருக்கு ஆங்கே தெரிந்த உண்மை. ஆகவேதான் ஸ்டார்ட்டர் உருவிற் சிறியது. ஆனால் இவ்வளவினதாகிய இஞ்சினைச் சுழற்றும்போது 150 முதல் 200 ஆம்பியர் வரையும், சில வேளை அதற்கு மேலும், மின்னோட்டத்தை விழுங்கும். பத்து விநாடிக்கு மேல் அதனை விடாது சுழற்றலாகாது. சுழற்றியபின் ஓரிரு நிமிடம் ஆறவிடல் வேண்டும். நம் நாட்டுப் பணிமனைகளில் ‘செல்ஃப் அடிக்கவில்லை’ என்று கூறுவது, ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்னும் தொடரின் முற்பாதியைக் கொண்டே எழுந்த வழக்காகும்.

இனி, அவ்வண்டியில் மின்சாரம் செல்லும் வழியைக் காண்போம். வழிகள் இரண்டு: ஒன்று அகன்றது, மற்றொன்று இடுக்கமானது. (வேதப் பாடத்தில் இவ்விரண்டிற்கும் கூறிய பலன் இங்கே பொருந்தாது, இரண்டும் வேண்டும்.) அகன்ற வழி பாட்டரியின் நேர்முனையிலிருந்து விரலளவு பருத்த கேபிளாய்ப் புறப்பட்டு, வலப்பக்கத்து மட்கார்டின் உட்புறத்தில் திருகப்பட்டிருக்கும் ரிலே என்னும் சிறு பெட்டியின் ஒரு பெரிய போல்ட்டை அடையும். ரிலேயின் மற்றொரு பெரிய போல்ட்டிலிருந்து வேறொரு பருத்த கேபிள் கீழே இறங்கி ஸ்டார்ட்டரிற் சேரும். ஸ்டார்ட்டரின் உடலே இஞ்சினோடு இறுகியிருத்தலின், மின்னோட்டம் இஞ்சின் இரும்பின் வழியாய்த் திரும்பி, எர்த்து கேபிளின் மூலம் பாட்டரியின் எதிர்முனைக்கு மீளும். திரும்பும் இவ்வழியைப் பலர் ஒரு வழியென்றே எண்ணுவதில்லை. எண்ணாததன் பயனைப் பின்னே காண்போம்.

இடுக்கமான வழி யாதெனின், சாவிச் சுவிச்சிலிருந்து, கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள நியூட்ரல் சுவிச்சைக் கடந்து, சிவப்பில் இளநீலக் கோடிட்ட மெல்லிய கம்பியாய் வந்து, ரிலேயின் ‘எஸ்’ என்று குறித்த சிறு முனையிற் சேர்வதாம். இக்கம்பியில் மின்சாரம் வந்தவுடன் ரிலேக்குள்ளிருக்கும் சுருள் காந்தமாகி, செப்புத் தகட்டை இழுத்து, இரு பெரிய போல்ட்டுகளையும் ஒன்று சேர்க்கும். அச்சுருளின் மறுமுனை ரிலேயின் அடித்தகட்டின் வழியே மட்கார்டிற் கலக்கின்றது. ஆகவே அத்தகட்டின் கீழே துரு ஏறினாலும் ரிலே ஊமையாய்விடும்.

உருகு கம்பி இவற்றுள் எங்கே இருக்கின்றது? ‘ஃபியூசிபிள் லிங்க்’ என்று தொழிலாளர் வழங்குவதனையே ஈண்டு உருகு கம்பி என்கின்றேன். ரிலேயின் பாட்டரிப் பக்கத்துப் போல்ட்டை உற்று நோக்கினால், பருத்த கேபிளோடு வேறு சில மெல்லிய கம்பிகளும் அதில் மாட்டியிருக்கக் காணலாம். அவற்றுள் ஒன்று ஆல்டர்னேட்டருக்கும், மற்றவை சாவிச் சுவிச்சு, விளக்குகள் முதலியவற்றிற்கும் செல்வன. அவை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்திற்கு வேறான ஒரு கம்பி ஒட்டியிருக்கும். அதுவே உருகு கம்பி. அமெரிக்க அளவையிலே கம்பியின் எண் ஏற ஏற அதன் பருமன் குறையும். காக்கப்படும் கம்பியினும் நான்கு எண் மெலிந்ததை உருகு கம்பியாக வைத்தல் வழக்கம். 10-ஆம் எண் கம்பியின் குறுக்குப் பரப்பு 5.26 சதுர மில்லிமீட்டர். 14-ஆம் எண்ணினுடையது 2.08. ஆகவே ஒரே மின்னோட்டம் இரண்டினூடும் செல்லுங்கால், மெலிந்ததில் அடிக்கு அடி ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் உண்டாகும். அவ்வெப்பத்தை ஏற்பதற்கு அதிலுள்ள செம்போ இரண்டரை மடங்கு குறைவு. எங்கேனும் கம்பி தகட்டைத் தொட்டு மின்சாரம் கட்டின்றிப் பாயுமாயின், முதலில் உருகுவது இச்சாண் கம்பியே. அதன் மேலுறை எளிதில் தீப்பற்றாத ஒருவகைச் செயற்கை ரப்பரால் ஆயது. உள்ளே செம்பு உருகினும் உறை கொப்புளித்து அதனைப் பொதிந்துகொள்ளும்.

சாதாரண ஃபியூஸ் வைத்தாலென்ன என்று கேட்கலாம். ஆல்டர்னேட்டர் வழி, சாவி வழி போன்ற தலைவழிகளில் மின்னோட்டம் கணப்பொழுது மிகுந்து உடனே தணிதல் இயல்பு. அதற்கெல்லாம் உருகுகின்ற ஃபியூஸ் அங்கே உதவாது. சற்றே பொறுமையுள்ள காவலன் வேண்டும். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பருத்த கேபிளில் ஃபியூஸும் இல்லை, உருகு கம்பியும் இல்லை என்பதையும் மனத்திற் கொள்க. அக்கேபிள் எங்கேனும் உராய்ந்து தகட்டைத் தொட்டால், அதனைத் தடுப்பார் எவருமிலர்.

சோதனைக்குக் கை வைக்குமுன் சில எச்சரிக்கைகள். கியரைப் பார்க் நிலையில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கட்டை இடுக. மோதிரம், கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றிவிடுக. கேபிளைக் கழற்ற நேரின் எர்த்து கேபிளையே முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றப் புகுந்தால், ஸ்பானர் வண்டியின் உடலிற் பட்டு, கையிலேயே பழுக்கக் காயும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருதலால் அதனருகே தீப்பொறி உண்டாக்குதல் கூடாது. ரிலேயின் இரு பெரிய போல்ட்டுகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்து வண்டியைக் கிளப்பும் வழக்கம் எங்கும் உண்டு. அது நியூட்ரல் சுவிச்சைத் தாண்டிச் செல்வது. வண்டி கியரில் இருக்குமாயின், முன்னே நிற்பவன்மேல் அது ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. அதனைச் சோதனை என்று யான் ஒப்புவதில்லை.

இனிக் குறிகள். சாவியைத் திருப்புங்கால் முகவிளக்கு எரியவிட்டு அதனையே நோக்குக. விளக்கு முன்போலவே பிரகாசித்து, ரிலேயும் ஒலி செய்யாதிருப்பின், குறை இடுக்கமான வழியில் உள்ளது. விளக்கு மங்கி, ரிலே ‘டக்-டக்’ என்று விரைந்து அடித்துக்கொள்ளுமாயின், பாட்டரி இளைத்திருக்கின்றது, அல்லது பருத்த கேபிளின் இணைப்பு ஒன்று கெட்டிருக்கின்றது. ஒரே ‘டக்’ ஒலியோடு நின்றுவிடின், ரிலேயின் உட்டகடு தீய்ந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டரே பழுதாகலாம். டாஷ்போர்டு முழுதும் செத்தாற்போல் இருண்டு, ஆனால் பாட்டரியில் வலிமையிருக்கக் கண்டால், சாவிச் சுவிச்சிற்குச் செல்லும் உருகு கம்பியை ஐயுறுக. சாவியை விட்ட பின்னரும் ஸ்டார்ட்டர் ஓயாது சுழலுமாயின், ரிலேயின் உட்டகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. அப்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை, எர்த்து கேபிளை உடனே கழற்றுக.

நம் குடியானவரின் வண்டியிலே இஞ்சின் முனகிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றி நின்றது, விளக்கும் மங்கியது. பாட்டரியை மீட்டரால் அளந்தேன்: 12.6 வோல்ட்டு. நிறைய ஏற்றிய பாட்டரிக்கு அதுவே அளவு, 12.2 ஆயின் பாதிதான் உள்ளது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டரின் போல்ட்டிலே சோதனை விளக்கை வைத்துச் சாவியைத் திருப்பியபோது விளக்கும் எரிந்தது. முன்னர்ப் பார்த்தவரெல்லாம் இதனைக் கண்டு, மின்சாரம் வருகின்றது, ஆகவே ஸ்டார்ட்டரே கெட்டது என்று தீர்த்துவிட்டனர். அங்கேதான் பிழை. சோதனை விளக்கு உண்ணும் மின்னோட்டம் கால் ஆம்பியரோ அரை ஆம்பியரோதான். நூறு இழையுள்ள கேபிளில் ஓரிழை மட்டும் எஞ்சியிருப்பினும் அது எரியும். ஸ்டார்ட்டர் கேட்பதோ 200 ஆம்பியர். வழியில் எங்கேனும் ஓர் ஓமில் நூற்றிலொரு பங்கு தடை இருக்குமாயின், ஓமின் விதிப்படி 200-ஐ 0.01-ஆற் பெருக்க 2 வோல்ட்டு அங்கேயே கரைந்துவிடும். 400 வாட்டு வெப்பமும் அவ்விடத்தே எழும். இத்துணைச் சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவை காட்டவும் மாட்டாது. சுமை ஏறாத வோல்ட்டு பொய்ச்சாட்சி.

ஆகவே சுமை ஏற்றி, ஸ்டார்ட்டர் இழுக்கும்போதே அளத்தல் வேண்டும். காயிலின் சிறு இணைப்பைக் கழற்றிவிட்டால் இஞ்சின் பற்றாது, சுழல மட்டும் செய்யும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பிடித்தல் வேண்டும். முதலாவது பாட்டரியின் இரு முனைகளில்: 9.6 வோல்ட்டிற்குக் கீழே இறங்கலாகாது. எனக்குக் கிடைத்தது 10.6. பாட்டரி குற்றமற்றது. அடுத்து ஸ்டார்ட்டரின் போல்ட்டிற்கும் அதன் உடலுக்கும் இடையே: 7.9. எனவே 2.7 வோல்ட்டு வழியிலே களவு போகின்றது. கள்வன் எப்பக்கம்? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் வைத்துச் சுழற்றினேன்: 0.4. அரை வோல்ட்டிற்குட்பட்டதாதலின் ரிலே உட்பட நேர்ப்பக்கம் முழுதும் குற்றமற்றது. பின்பு பாட்டரியின் எதிர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையே வைத்தேன்: 2.3 வோல்ட்டு! ஐந்திலொரு வோல்ட்டு, மிகுந்தால் 0.3, இருக்கவேண்டிய இடம் அது. 0.4-உம் 2.3-உம் கூட்ட 2.7, கணக்கு நேராயிற்று. இரண்டு ஸ்டார்ட்டரும் பழியின்றித் தண்டிக்கப்பட்டன என்பதும் தெளிவாயிற்று.

எர்த்து கேபிள் இஞ்சினோடு சேரும் போல்ட்டைக் கழற்றினோம். வெளியே பளபளப்பாயிருந்த அம்முனையின் உட்புறம் பச்சைக் களிம்பு பிடித்துப் பாசிபோற் படர்ந்திருந்தது. மேலுறையைச் சற்றே கீறிப் பார்க்க, உள்ளிருந்த செம்பு இழைகளிற் பெரும்பகுதி தூளாய் உதிர்ந்தது. குளிர்காலத்தில் பனியைக் கரைக்க அந்நாட்டார் சாலைகளில் உப்பைத் தூவுவர். அவ்வுப்பின் வேலை இது.

இடுக்கமான வழியில் குறை இருந்திருப்பின் சோதனை வேறு விதமாய் அமையும். ‘எஸ்’ முனையிலே சோதனை விளக்கை வைத்துச் சாவியைத் திருப்புவோம். விளக்கு எரிந்தும் ரிலே பேசாதாயின் ரிலேயோ அதன் அடித்தகட்டின் எர்த்தோ கெட்டது. விளக்கு எரியாதாயின், கியர்த் தண்டைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பார்க்க. ஒன்றில் கிளம்பி மற்றொன்றிற் கிளம்பாதாயின் நியூட்ரல் சுவிச்சு இடம் பெயர்ந்தது. இரண்டிலும் இல்லையாயின் கம்பியைப் பின்தொடர்ந்து சாவிச் சுவிச்சு வரை செல்லவேண்டியதே. இங்கே விளக்கு நல்ல சாட்சியாகும். ஏனெனில் இக்கம்பியில் ஓடுவது சிறு மின்னோட்டமே.

புதிய எர்த்து கேபிள் வாங்கி வந்து பொருத்தினால் வேலை முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் ரிலேயைத் துடைக்கும்போது ஒரு கம்பி கண்ணில் உறுத்தியது. ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் வழியில் உருகு கம்பி இருக்கவேண்டிய இடத்தில், சாதாரணமான பருத்த செம்புக் கம்பியொன்று முறுக்கி, டேப்பு சுற்றி இணைக்கப்பட்டிருந்தது. வினவியபோது அவர் கூறியது: முந்திய குளிர்காலத்தில் இஞ்சின் இவ்வாறே முனகி நின்றது; அயலார் ஒருவர் தம் வண்டியின் பாட்டரியிலிருந்து கேபிள் இட்டு உதவ வந்தார்; இருட்டிலே நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்துவிட்டார்; ஏதோ புகைந்தது; மறுநாள் பாட்டரி ஏறவில்லை; அவரே வந்து ஒரு கம்பியை வைத்துச் சரிசெய்தார்.

நடந்தது இதுதான். ஆல்டர்னேட்டருக்குள்ளிருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையிற் செல்லவிட்டு மறு திசையில் தடுப்பன. முனைகள் மாறினால் தடுக்கவேண்டிய டயோடுகளே திறந்த மதகாகி, பாட்டரியின் மின்சாரம் முழுதும் அவற்றினூடே பாயும். அவ்வெள்ளத்தில் உருகு கம்பி தன்னை மாய்த்துக்கொண்டு வண்டியைக் காத்தது. அதன் இடத்தில் வைத்த பருத்த கம்பியோ எதற்கும் உருகாது. அக்கம்பியின் தடத்தைப் பின்பற்றி முன்னே சென்றோம். ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டின் விளிம்பிலே, பல்லாண்டு அதிர்ச்சியால் மேலுறை தேய்ந்து, செம்பு ஒரு நெல்லளவு வெளியே தெரிந்தது. தகட்டுக்கும் அதற்கும் இடையே இருந்தது சிறிது அழுக்குத்தான். அது தொட்டிருக்குமாயின், பாட்டரியின் பல நூறு ஆம்பியரும் அவ்வழியே பாய்ந்து, கம்பிக்கற்றை முழுதும் தீப்பற்றியிருக்கும். அவ்வண்டியை இரவில் நிறுத்துவது உலர்ந்த புல் அடுக்கிய கொட்டகைக்குள்ளே. இதனைக் கண்டபோது, களிம்பேறிய எர்த்து முனையிலிருந்து தொடங்கி எத்தனை தவறுகள் ஒன்றையொன்று பெற்றெடுத்தன என்று இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

உருகு கம்பி நன்றாயுள்ளதா என்று அறிவதில் ஒரு நுட்பம் உண்டு. உறை கொப்புளித்தோ கருகியோ இருப்பின் ஐயமில்லை. சில வேளை உறை பழுதின்றியே உள்ளே செம்பு அற்றிருக்கும். அப்போது இரு விரலாற் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால், அற்ற கம்பி ரப்பர்போல் நீளும்; அறாதது நீளாது. விளக்குகளை எரியவிட்டு இரு முனைகளிலும் வோல்ட்டு அளப்பது இன்னும் உறுதி. மாற்றுங்கால் அதே எண்ணுள்ள, உருகு கம்பியென்றே விற்கப்படும் கம்பியை அதே நீளத்திற்கு வைத்தல் வேண்டும். நீளம் மிகின் தன்மை மாறும். முறுக்கி டேப்பு சுற்றுதல் போதாது. இணைப்பை நசுக்கி, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாயுறையால் மூடுதல் நன்று. எல்லாவற்றிற்கும் முன்னே, பழையது ஏன் உருகிற்று என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அன்றேல் புதியதும் உருகும்.

செவர்லே பிக்கப் வண்டிகளில், 1973 முதல் 1987 வரை வந்தவற்றில், அமைப்புச் சிறிது வேறு. அங்கே சாலனாய்டு என்னும் ரிலே ஸ்டார்ட்டரின் முதுகிலேயே ஏறியிருக்கும். உருகு கம்பியொன்றும் அதன் போல்ட்டிலேயே மாட்டியிருக்கும். சாவியிலிருந்து வரும் கம்பி ஊதா நிறம். புகைக்குழாயின் வெப்பம் அருகே தாக்குவதால், சூடான இஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்பும்போது சாலனாய்டு மறுத்துவிடுவதுண்டு. அதற்கு மருந்தாக ஃபோர்டின் ரிலேயை வாங்கி மட்கார்டிற் பொருத்துவோர் பலர். பகைக் கம்பெனியின் சரக்கைக் கொண்டு தம் வண்டியைக் காப்பதில் அவர்களுக்கு நாணமில்லை; யானும் அது நல்ல உபாயமென்றே கருதுகின்றேன். 1990-களுக்குப் பின் வந்த வண்டிகளிலோ, உருகு கம்பிகளின் இடத்தைப் பெரும்பாலும் இஞ்சினருகே ஒரு பெட்டிக்குள் அமைந்த பெரிய ஃபியூஸ்கள் கைக்கொண்டன. இவற்றைக் கையாற் பிடுங்கி மாற்றிவிடலாம்.

அன்று பிற்பகல் நகரத்துக் கடைக்குச் சென்று எர்த்து கேபிளொன்றும் உருகு கம்பியொன்றும் வாங்கி வந்தோம். ஸ்டார்ட்டரின் விலையில் அது சிறு பங்கே. தேய்ந்த இடத்தை உறையிட்டு, தகட்டின் விளிம்பிற்கு ரப்பர் வளையம் வைத்தோம். மீட்டரை மறுபடி எர்த்துப் பக்கத்தில் வைத்துச் சுழற்ற, 2.3 இருந்த இடத்தில் 0.15 காட்டியது. இஞ்சின் முதற் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. மழை இறங்குமுன் மூன்று நடையில் புல் முழுதும் கொட்டகை சேர்ந்தது. அயலார் வைத்த பருத்த கம்பியை அவர் குப்பையில் எறியவில்லை. கொட்டகை வாயிலின் உட்புறத்தில், பழைய லாடங்கள் தொங்கும் ஆணியிலே மாட்டி வைத்தார்.